பல பொருள்களும் பல ஃபினிஷ்களும் கலந்த சமையலறை: முடிவெடுக்கும் வரிசை, செய்முறை, வழக்கமான தவறுகள்

எல்லோரும் ஷட்டரின், அதாவது அலமாரிக் கதவின், நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். எங்கோ பார்த்துப் பிடித்துப்போன கரும்பச்சை ஷட்டர், மேலே வெள்ளைக் கல், பித்தளைக் கைப்பிடி. தனித்தனியே மூன்றும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் வந்து பொருத்திய பிறகு கல்லில் நீலச் சாயல் தெரியும், பழைய தரை அதன் பக்கத்தில் மஞ்சளாகத் தெரியும், ஃப்ரிட்ஜின் ஸ்டீல் யாரும் கணக்கில் எடுக்காத நான்காவது ஃபினிஷாக நடுவில் நிற்கும்.

அளவெடுத்துச் செய்யும் சமையலறைகளை வரைந்து, பொருத்தும்போதும் கூடவே நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: இந்தத் தடுமாற்றம் ரசனைக் குறைவால் வருவதில்லை. முடிவெடுக்கும் வரிசை மாறிப்போவதால் வருகிறது. அடுத்து, இரண்டு பொருள்கள் எந்தக் கோட்டில் சந்திக்கும் என்பதை யாரும் முன்கூட்டி வரையாததால் வருகிறது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று பார்ப்பதுபோல் வரைந்து, அளவு போட்ட படம் வேண்டும். மேலிருந்து பார்க்கும் தரைப்படம் மட்டும் போதாது. பொருள்கள் ஒன்றையொன்று தொடுவது பெரும்பாலும் சுவர்ப் பக்கத்தில்தான். தரைப்படத்தில் அது தெரியாது.

அடுப்பு, ஓவன், புகைபோக்கி, ஃப்ரிட்ஜ், சிங்க், குழாய் ஆகியவற்றின் மாடலும் நிறமும் முடிவாகியிருக்க வேண்டும். தரை டைல்ஸில் ஒரு துண்டு, ஒரு வெள்ளைத் தாள், நான்கு கலர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கும் இப்போதே முடிவாக வேண்டும். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கில் மரமும் பித்தளையும் இதமாகத் தெரியும். 4000 கெல்வினுக்குப் போனால் வெள்ளையும் சாம்பலும் தெளிவாகும், மரம் கொஞ்சம் வெளிறும். நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவான சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் உள்ள விளக்கையே வாங்குங்கள். எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு பல்பை மாற்றினால், தேர்ந்தெடுத்த அத்தனை நிறமும் மாறிவிடும்.

2. படத்தில் நீர், சூடு, கை, கண் ஆகிய நான்கையும் குறியுங்கள்

சுவர்ப் படத்தில் நான்கு நிறத்தில் குறி போடுங்கள். நீர் எங்கே தெறிக்கும்: சிங்கின் முன்பக்கமும் இரு பக்கங்களும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தைச் சுற்றி, கீழ் அலமாரியின் அடியில் தரையோரமாக வரும் பட்டையான ஸ்கர்ட்டிங். சூடும் நீராவியும் எங்கே ஏறும்: அடுப்பைச் சுற்றி, ஓவனின் இரு பக்கங்கள், அடுப்புக்கு மேலுள்ள அலமாரி. கை எங்கே அடிக்கடி படும்: இழுப்பறைகள், குப்பைக்கூடை இருக்கும் ஷட்டர், ஃப்ரிட்ஜ் கதவு. உள்ளே நுழைந்ததும் கண் எங்கே போகும்.

முதல் மூன்று குறிகளும் எந்தப் பொருள் அங்கே கூடாது என்பதைச் சொல்லிவிடும். மென்மையான பொருளுக்கு எங்கே இடம் கொடுக்கலாம் என்பதை நான்காவது குறி சொல்லும். மர வெனீரை (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத் தாள்) சிங்கின் கீழே வைத்துவிட்டு வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வெனீர், நீரிலிருந்து தள்ளி நிற்கும் உயரமான அலமாரியில் பல வருடம் அப்படியே இருக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மேல் பிவிசி படலம் ஒட்டிய ஷட்டரை ஓவனுக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் படலம் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். வரிவரியாகக் குழி போட்ட பேனலை அடுப்பருகே வைத்தால் எண்ணெய்ப் பசை குழிகளுக்குள் தங்கிவிடும். அது பிடித்திருந்தால் நடு மேடையின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். கறுப்பு, கரும்பச்சை போன்ற அடர் மேட் (பளபளப்பில்லாத) ஃபினிஷ் கை படும் இடத்தில் விரல் தடத்தை அப்படியே காட்டும். ‘மேட் என்றால் தடம் தெரியாது’ என்ற நம்பிக்கை வெளிர் நிறத்துக்குப் பெரும்பாலும் சரி, அடர் நிறத்துக்கு இல்லை.

3. மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதுங்கள்

தரை, ஜன்னல் சட்டம், ஏற்கெனவே வாங்கிய கருவிகள், பக்கத்து அறையிலிருந்து தெரியும் சுவர். இவை எல்லாம் உங்கள் கலவையில் ஏற்கெனவே இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் வரிசை இதிலிருந்து இறங்கும்: இருப்பவை, அப்புறம் மேடைக் கல், அப்புறம் ஷட்டர், அப்புறம் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடைப்பட்ட சுவர் (இடைச்சுவர்), அப்புறம் உலோகம், கடைசியில் சுவர் பெயிண்ட்.

காரணம் எளிது. தேர்வு குறைவாக உள்ளது முன்னால் வர வேண்டும், அதிகமாக உள்ளது பின்னால் வர வேண்டும். பெயிண்டை எந்த நிறத்திலும் கலந்து வாங்கலாம். கல்லை அப்படி வாங்க முடியாது. பெயிண்டை முதலில் அடித்துவிட்டு அதற்கேற்ற கல் தேடுபவர்கள்தான் கடை கடையாக அலைகிறார்கள்.

4. எது பெரும்பங்கு என்று தீர்மானியுங்கள்

60, 30, 10 என்று ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் ஒரே பொருள், 30 சதவீதம் இரண்டாவது, மீதி 10 சதவீதம் மூன்றாவது. அளவு நாடா வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பொருள்கள் சரிபாதியாக வரும் படத்தை மட்டும் திருத்துங்கள். சரிபாதி என்றால் எது பின்னணி, எது முன்னே வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

என் கணக்கில், மூன்று முக்கியப் பொருள்களும் இரண்டு உலோகங்களும் போதும். நான்காவது பொருள் வேண்டுமென்றால், கல்லிலோ தரையிலோ ஏற்கெனவே இருக்கும் நிறத்தில் அது வரட்டும்.

பொருள் மாறும் இடம் எப்போதும் ஓர் அலகு முடியும் இடமாக இருக்கட்டும். கீழ் வரிசை ஒன்று, மேல் வரிசை வேறு. அல்லது உயரமான அலமாரி மட்டும் வேறு. அல்லது நடு மேடை மட்டும் வேறு. நீளமான ஒரே வரிசையின் நடுவில் இரண்டு ஷட்டரை மட்டும் வேறு நிறமாக்கினால், சரக்கு தீர்ந்துபோய் இருந்ததை மாட்டியதுபோல் இருக்கும்.

இன்னொன்று, மரத்தை ஒரே ஓர் இடத்தில் வைத்தால் அது ஒட்டாமல் நிற்கும். மேல் அலமாரியில் வெனீர் வைத்தால், எதிரே ஒரு திறந்த தட்டிலோ, இழுப்பறையின் உள்ளேயோ அதே மரம் மறுபடி வரட்டும்.

5. மேடையைத் தேர்ந்தெடுங்கள்

நீர், சூடு, கை மூன்றும் ஒரே பரப்பில் சந்திப்பதால், இங்கே எடுக்கும் முடிவுதான் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகும்.

கிரானைட் சூட்டையும் புளிப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நுண்துளைகள் உண்டு. வெளிர் நிறக் கிரானைட்டில் எண்ணெய் இறங்காமலிருக்க துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டும், அவ்வப்போது திரும்பவும் பூச வேண்டும். மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ட இடத்தில் அதன் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கும். அது கறை இல்லை, கல்லே கரைந்த தடம், துடைத்தால் போகாது. சீலரும் இதைத் தடுக்காது. மார்பிள்தான் வேண்டும் என்றால் பாலிஷ் இல்லாத ‘ஹோன்ட்’ பரப்பை வாங்குங்கள், மங்கல் அதில் குறைவாகத் தெரியும்.

குவார்ட்ஸ் ஸ்லாப் என்பது கல்துகளை ரெசின் என்ற பிசின் சேர்த்து அழுத்திச் செய்வது. கறை பிடிப்பது குறைவு, சீலர் வேண்டாம். அதன் பலவீனம் ரெசின்தான்: அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்தால் நிறம் மாறலாம், விரிசலும் விடலாம். சுட்டெடுத்த செராமிக் ஸ்லாப்கள் சூட்டைத் தாங்கும், ஆனால் ஓரத்தில் கனமான பாத்திரம் இடித்தால் சில்லு பெயரும். அச்சிட்ட கோலம் மேற்பரப்பில் மட்டும் உள்ள வகையில் வெட்டிய ஓரம் வேறு நிறமாகத் தெரியும். ஓரத்தை 45 பாகையில் சரித்துச் சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

மர மேடை கைக்கு இதமானது. தொடர்ந்து எண்ணெய் பூச வேண்டும். சிங்க் ஓரத்தில் நீர் தேங்கினால் கறுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டுக்கும் நீருக்கும் அசையாது, கீறல் மட்டும் விழும். கீறல்கள் நிறைய விழுந்து ஒன்றோடொன்று கலந்த பிறகு அதுவே ஒரு பரப்பாகிவிடும். முதல் சில மாதங்களைப் பொறுத்துக்கொள்ள மனம் வேண்டும்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த பிரிவினை இது: அடுப்பும் சிங்கும் இருக்கும் சுவரோர மேடைக்குக் கிரானைட் அல்லது செராமிக், உட்கார்ந்து பேசும் நடு மேடைக்கு மரம். பொருளை மாற்றுவதற்கு இங்கே உண்மையான காரணம் இருக்கிறது.

6. ஷட்டர்: மேலே தெரிவதும் உள்ளே இருப்பதும்

பலகையின் உட்பொருளைத் தனியாகவும் மேற்பரப்பைத் தனியாகவும் முடிவு செய்யுங்கள். நீர்க் குறி போட்ட இடங்களில் நீர் தாங்கும் பசையில் செய்த பிளைவுட். பெயிண்ட் அடிக்கும் ஷட்டருக்கு எம்.டி.எஃப் நல்லது, அதில் ரேகை இல்லாததால் பூச்சு வழவழப்பாக வரும். ஆனால் ஓரம் வழியே நீர் இறங்கினால் உப்பும், உப்பியது திரும்பச் சுருங்காது. அதனால் எட்ஜ் பேண்டை (பலகையின் ஓரத்தை மூடும் பட்டை) நான்கு ஓரங்களிலும் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீர் வழிந்து நிற்பதும் அங்கேதான்.

ஒரு பக்கம் மட்டும் லேமினேட் (அச்சிட்ட கடினத் தாள்) அல்லது வெனீர் ஒட்டிய ஷட்டர் நாளடைவில் வளையும். இரு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதே காரணம். உள்பக்கத்திலும் ஏறக்குறைய அதே தடிமனில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

அப்புறம் தடிமன். 18 மில்லிமீட்டர் பலகையில் இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் லேமினேட் ஒட்டினால் 20 வரும். பெயிண்ட் அடித்த ஷட்டர் 18லேயே நிற்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்று முன்னால் துருத்தும். வெவ்வேறு ஃபினிஷ் ஷட்டர்களை ஒரே வரிசையில் கலக்கும் முன், முடிந்த தடிமன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அலுமினியச் சட்டக் கண்ணாடி ஷட்டருக்குக் கீலே வேறு வகை. குறுகிய சட்டத்தில் சாதாரணக் கீலின் 35 மில்லிமீட்டர் குழி விழாது.

வெனீர் என்றால் ரேகை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று படத்தில் அம்புக்குறி போடுங்கள். அடுக்கடுக்கான இழுப்பறைகளில் ரேகை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர வேண்டுமென்றால், அவை ஒரே தாளிலிருந்து வரிசையாக வெட்டப்பட வேண்டும். வெட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை.

7. அடிச்சாயலையும் பளபளப்பையும் ஒப்பிடுங்கள்

வெள்ளை என்று விற்கப்படுவதில் மஞ்சள், நீலம், ரோஜா, பச்சை என்று ஏதாவது ஒரு சாயல் ஒளிந்திருக்கும். சாம்பலுக்கும் அப்படித்தான். சாம்பிளைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், உடனே வெளியே வரும். சாயல் ஒரே பக்கம் சாய்ந்தால் நிறங்கள் வெவ்வேறாக இருந்தாலும் சேர்ந்து நிற்கும்.

கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இரண்டு பொருள்கள் வருவதுதான் ஆபத்து. வெள்ளை ஷட்டருக்கு வெள்ளை டைல்ஸ் தேடி, அரை நூல் பிசகினால் இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரியும். முழுதாகப் பொருந்த வேண்டும், இல்லை தெளிவாக விலக வேண்டும். மரத்துக்கும் இதே கதைதான்: தரை தேக்கு நிறமாக இருந்தால், ஷட்டரைத் தேக்கு போன்ற லேமினேட்டில் செய்யாதீர்கள். நல்ல வெளிர் மரத்துக்கோ அடர் மரத்துக்கோ போய்விடுங்கள்.

பளபளப்பில் ஒரே நிலையை எல்லா இடத்திலும் வைத்தால் அறை தட்டையாகத் தெரியும். பாலிஷ் கல்லுக்கு மேட் ஷட்டர், மேட் கல்லுக்கு மினுக்கும் டைல்ஸ் என்று மாற்றிக் கோருங்கள்.

8. உலோகங்கள்

ஃப்ரிட்ஜ், ஓவன், சிங்க் ஆகியவற்றின் ஸ்டீலும் ஓர் உலோக ஃபினிஷ்தான். அதை ஒன்று என்று எண்ணிவிட்டு, கூட ஒன்றை மட்டும் சேருங்கள்.

சேர்ப்பது தெளிவாக வேறாக இருக்கட்டும்: ஸ்டீலோடு பித்தளை, அல்லது ஸ்டீலோடு மேட் கறுப்பு. குரோமையும் பிரஷ் செய்த ஸ்டீலையும் பக்கத்தில் வைத்தால், குரோமின் நீலச் சாயலும் கண்ணாடிப் பளபளப்பும் தவறுதலாக வந்ததுபோல் தோன்றும். உலோகங்களை வேலை வாரியாகப் பிரித்தால் குழப்பம் இருக்காது: கைப்பிடிகள் எல்லாம் ஒன்று, குழாயும் சிங்கும் ஒன்று. பூச்சில்லாத பித்தளை நாளடைவில் கறுத்து நிறம் மாறும், லேக்கர் என்ற ஒளிபுகும் பூச்சு பூசியது அப்படியே இருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டையும் கலந்து வாங்கினால் ஒரு வருடத்தில் இரண்டு நிறமாகிவிடும்.

கைப்பிடியின் துளை இடைவெளி பெரும்பாலும் 96, 128, 160 மில்லிமீட்டர் என்று 32இன் மடங்கில் வரும். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் வாங்கினால், பின்னால் உலோகத்தை மாற்ற நினைக்கும்போது அதே துளையில் மாட்டலாம்.

9. பொருள்கள் சந்திக்கும் கோடுகளை வரையுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதையாவது சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். சுவர்ப் படத்தில் இரண்டு பொருள்கள் தொடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்வி: எது எதன் மேல் ஏறுகிறது, இடைவெளி எவ்வளவு, அந்த இடைவெளியை நிரப்புவது எது.

மரமும் கல்லும் ஒரே மேடையில் சந்தித்தால், மரம் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும், கல் அசையாது. இரண்டையும் இறுக்கி ஒட்டினால் எங்கேயாவது பிளக்கும். நடுவில் சில மில்லிமீட்டர் விட்டு, நிறம் பொருந்தும், ரப்பர்போல் வளையும் சிலிக்கான் பசையால் நிரப்ப வேண்டும். மரத்தைக் கீழிருந்து பிடிக்கும் திருகுகளுக்கு நீள்துளை போட வேண்டும். 20 மில்லிமீட்டர் கல்லும் 40 மில்லிமீட்டர் மரமும் என்றால், கல்லின் அடியில் பலகை கொடுத்துச் சமப்படுத்துங்கள். இல்லையென்றால் உயர வித்தியாசத்தை நன்றாகத் தெரியும்படி பெரிதாக்குங்கள். 3 மில்லிமீட்டர் மேடு பிழையாகத்தான் தெரியும், பாத்திரமும் தட்டும்.

மேடை சுவரைத் தொடும் கோட்டில், டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் கிரவுட் வேண்டாம். இரு தளங்கள் சந்திக்கும் மூலையில் சிறு அசைவு இருந்துகொண்டே இருக்கும், கிரவுட் அதில் வெடிக்கும். அங்கேயும் சிலிக்கான்தான்.

சுவரில் டைல்ஸ் முடிந்து பெயிண்ட் தொடங்கும் கோடு உள்மூலையிலோ, மேல் அலமாரி முடியும் அதே செங்குத்துக் கோட்டிலோ வரட்டும். வெளிமூலையில் முடிக்க வேண்டியிருந்தால் டைல்ஸ் ஓரத்துக்கு ஓர் உலோகப் பட்டை கொடுங்கள்; அது கைப்பிடியின் நிறத்திலேயே இருக்கட்டும்.

படத்தில் யாரும் நிறம் போடாத பரப்புகள் சில உண்டு. வரிசையின் கடைசியில் வெளியே தெரியும் பக்கப் பலகை, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே வரும் ஒட்டுப்பட்டை, ஸ்கர்ட்டிங், மேல் அலமாரியின் அடிப்பக்கம், கண்ணாடி ஷட்டருக்குள் தெரியும் உட்பரப்பு. நீங்கள் சொல்லாவிட்டால் தச்சர் கையில் இருக்கும் வெள்ளைப் பலகையையே போடுவார், அவர்மேல் தவறில்லை. பக்கப் பலகையும் ஒட்டுப்பட்டையும் ஷட்டரின் ஃபினிஷிலேயே வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஸ்கர்ட்டிங் தரையின் நிறத்தை ஒட்டியிருந்தால் நீர்க்கறையும் குறைவாகத் தெரியும்.

10. இடைச்சுவர்

கல்லில் பெரிய ரேகைகள் ஓடினால் இடைச்சுவர் அமைதியாக இருக்கட்டும். கல் ஒரே நிறமாக இருந்தால் டைல்ஸில் கோலம் வரலாம். அடுப்புக்குப் பின்னால் ரெசின் கலந்த எபாக்சி கிரவுட் கேளுங்கள், எண்ணெய் உள்ளே இறங்காது.

பின்பக்கம் நிறம் பூசிய கண்ணாடி என்றால் இரண்டு விஷயம். சாதாரணக் கண்ணாடியில் உள்ள இரும்பால் பச்சைச் சாயல் உண்டு. வெள்ளை பூசினால் வெளிர்பச்சையாகத் தெரியும், இரும்பு குறைந்த கண்ணாடி கேட்க வேண்டும். கடினப்படுத்திய கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, நொறுங்கிவிடும். ஸ்விட்ச் பெட்டிகளின் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது என்ற நிலைக்கு வந்த பிறகே அளவு கொடுங்கள்.

11. சாம்பிள்களை வீட்டில் வைத்துப் பாருங்கள்

விரல் அகலச் சாம்பிளை நம்பாதீர்கள். ஒவ்வொன்றும் குறைந்தது ஏ4 தாள் அளவில் வேண்டும். பெரும்பங்கு ஷட்டருக்கு முடிந்தால் ஒரு முழு ஷட்டரே செய்து பாருங்கள். மேடைக் கல்லைப் படுக்க வையுங்கள், ஷட்டரை நிறுத்தி வையுங்கள். வெளிச்சம் விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பார்ப்பதில் வரும் பிழை இதுதான்.

காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். பகலில் பொருந்திய இரண்டு நிறங்கள் விளக்கில் பிரிவது நிஜமாகவே நடக்கும்.

பிறகு சாம்பிளைப் பாடாய்ப் படுத்துங்கள். எலுமிச்சைச் சாறு, காபி, எண்ணெய் மூன்றிலும் ஒவ்வொரு துளி விட்டு, இரவு முழுக்க வைத்து, காலையில் துடையுங்கள். சாவியால் ஒரு கோடு போடுங்கள். ஈரத்துணியை ஓரத்தில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். இதில் தோற்பதை மறுக்க வேண்டும் என்றில்லை, 2ஆம் படியில் போட்ட குறிகளைப் பார்த்து இடம் மாற்றினால் போதும்.

12. ஆர்டரும் பொருத்தும் வரிசையும்

லேமினேட், டைல்ஸ், வெனீர் மூன்றையும் ஒரே முறையில், ஒரே தொகுப்பு எண்ணில் வாங்குங்கள். டைல்ஸ் 10 சதவீதம் கூடுதலாக. அதே பெயரில் அடுத்த தொகுப்பு வந்தால் நிறம் மாறியிருக்கலாம். இயற்கைக் கல்லைச் சாம்பிளில் முடிவு செய்யாமல், உங்களுக்கு வரப்போகும் ஸ்லாப்பையே போய்ப் பார்த்து, சிங்க் துளை எந்த ரேகையில் விழும் என்று சாக்கட்டியால் குறித்துவிட்டு வாருங்கள்.

பொருத்துவது இப்படிப் போகட்டும்: மின்கம்பியும் குழாயும், தரை, கீழ்ப் பெட்டிகளும் மேல் பெட்டிகளும், கல்லுக்கு அளவு, கல், இடைச்சுவர், ஷட்டர், கைப்பிடி. கல்லுக்கு அளவெடுப்பது கீழ்ப் பெட்டிகள் மட்டம் பார்த்து நிலையாக நின்ற பிறகுதான். சுவர் எங்கே கோணலாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சிங்கும் அடுப்பும் அன்றைக்குக் கண்முன்னே இருக்க வேண்டும். அட்டவணையில் போட்ட அளவை நம்பித் துளை வெட்டிய கல்லை மறுபடி ஒட்ட முடியாது.

ஷட்டரின் பாதுகாப்புப் படலத்தைக் கைப்பிடித் துளை போடும்வரை உரிக்க விடாதீர்கள். சிலிக்கான் போட வேண்டிய ஓரங்களில் மட்டும் முன்பே உரித்து மடக்கிவிட வேண்டும், இல்லையென்றால் படலம் சிலிக்கானுக்கடியில் மாட்டி, இழுக்கும்போது அதையும் பெயர்த்துக்கொண்டு வரும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஷட்டர் ஃபினிஷிலும் ஒரு துண்டு, மிச்ச டைல்ஸ், பெயிண்ட் எண், கிரவுட்டும் சிலிக்கானும் எந்த நிறம் என்று எழுதிய தாள், எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு உயரமான அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.